பயணத்துக்கு எடை குறைந்த மடிக்கணினி: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

புனே: மகாராஷ்டிர மாநிலம் புனேயின் ஹிஞ்சவடி, கராடி பகுதிகளில் உள்ள தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களில் பணியாற்றுவோருக்கும், நகரின் கல்லூரிகளில் பயிலும் வெளிமாநில மாணவர்களுக்கும் மடிக்கணினி என்பது மேசைப் பொருள் அன்று, பயணப் பொருள். மும்பைக்கு மூன்று மணி நேரப் பயணம் ஆனாலும், சென்னைக்குச் செல்லும் ஏறத்தாழ 20 மணி நேர ரயில் பயணம் ஆனாலும், தோளில் தொங்கும் பையில் முதலில் இடம்பெறுவது அதுவே. எனினும், கடையில் வாங்கும்போது பெரும்பாலானோர் பார்ப்பது விலையையும் வேகத்தையும் மட்டுமே. எடை, மின்கலத்தின் திறன், விமான விதிகள், பழுதுபார்க்கும் வசதி ஆகியவற்றைக் கணக்கிடாமல் வாங்கிய கணினியை, அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்குச் சுமந்தே தீர வேண்டியிருக்கும்.

11 கிலோவில் தொடங்கிய பயணம்

கையில் எடுத்துச் செல்லத்தக்கது என்று சந்தைக்கு வந்து பெரும் வணிக வெற்றி பெற்ற முதல் கணினியாகக் கருதப்படுவது, 1981-இல் அமெரிக்காவில் வெளியான ‘ஆஸ்போர்ன் 1’. அதன் எடை சுமார் 11 கிலோ. திரையின் அளவு 5 அங்குலம். அதில் உள்ளமைந்த மின்கலம் கிடையாது. 1983-இல் வெளியான ‘டிஆர்எஸ்-80 மாடல் 100’ இதற்கு நேர்மாறானது. சுமார் 1.4 கிலோ எடை கொண்ட அக்கருவி, கடைகளில் கிடைக்கும் நான்கு சிறிய ‘ஏஏ’ மின்கலங்களில் ஏறத்தாழ 20 மணி நேரம் இயங்கியது. தொலைபேசி இணைப்பு வழியே செய்தியை அனுப்ப முடிந்ததால், களத்தில் பணியாற்றிய செய்தியாளர்கள் அதை விரும்பிப் பயன்படுத்தினர்.

2007-இல் வந்த ‘ஆசுஸ் ஈ பிசி’ ஒரு கிலோவுக்கும் குறைவான எடையில் மலிவான சிறு கணினிகளுக்கு வழிவகுத்தது. 2008-இல் ‘மேக்புக் ஏர்’ 1.36 கிலோ எடையில் அறிமுகமானது. தற்போது 13 அங்குல ‘மேக்புக் ஏர்’ 1.24 கிலோவாகவும், ‘திங்க்பேட் எக்ஸ்1 கார்பன்’ வரிசையின் 14 அங்குலக் கணினிகள் ஒரு கிலோவை ஒட்டியும் உள்ளன. ஆகவே, இன்று 13 அல்லது 14 அங்குலக் கணினி ஒன்று 1.3 கிலோவுக்குள் இருந்தால், பயணத்துக்கு ஏற்ற எடை எனக் கொள்ளலாம்.

மொத்தச் சுமையே உண்மையான எடை

விளம்பரத்தில் அச்சிடப்படுவது கணினியின் எடை மட்டுமே. பையில் ஏறுவது மின்னேற்றி, கம்பிகள், சுட்டி, இணைப்புப் பெட்டி, பவர் பேங்க் ஆகியவற்றுடன் கூடிய மொத்தச் சுமை. 1.7 கிலோ எடையுள்ள 15.6 அங்குலக் கணினியுடன் 400 கிராம் மின்னேற்றியும், 400 கிராம் பவர் பேங்க்கும், 200 கிராம் அளவுக்குச் சுட்டியும் கம்பிகளும் சேர்ந்தால் சுமை 2.7 கிலோ ஆகிறது. 1.1 கிலோ கணினி, 150 கிராம் மின்னேற்றி, 100 கிராம் துணைப் பொருள்கள் என்றால் மொத்தம் 1.35 கிலோ; அதாவது முன்னதில் சரிபாதி.

இந்தியாவில் உள்நாட்டு விமானங்களின் சாதாரண வகுப்பில் கைப்பைக்கான வரம்பு பெரும்பாலும் 7 கிலோ. முதல் எடுத்துக்காட்டில் கணினியும் அதன் துணைப் பொருள்களும் மட்டுமே அந்த வரம்பில் ஏறத்தாழ 40 சதவீதத்தை எடுத்துக்கொள்ளக்கூடும்.

திரையும் விசைப்பலகையும் பிரியும் வகைக் கணினிகளிலும் இதே கணக்கு தேவை. எடுத்துக்காட்டாக, ‘சர்ஃபேஸ் புரோ 9’ கருவியின் எடை 879 கிராம் எனக் குறிப்பிடப்படுகிறது; அதில் விசைப்பலகையின் எடை சேரவில்லை. மேலும், அவ்வகைக் கருவியை மடியில் வைத்துத் தட்டச்சு செய்வது மேசையில் செய்வதைப் போல எளிதன்று. மேசை வசதி இல்லாத ரயில் படுக்கையில் நீண்ட நேரம் எழுத வேண்டியவர்களுக்கு உறுதியான கீலுடன் கூடிய வழக்கமான மடிக்கணினியே பொருந்தும்.

மின்கலம்: ‘மணி நேரம்’ அல்ல, ‘வாட்-மணி’

நிறுவனங்கள் அறிவிக்கும் ‘18 மணி நேரம்’, ‘20 மணி நேரம்’ போன்ற எண்கள், குறைந்த திரை ஒளியில் காணொலியை ஓடவிட்டுப் பெறப்படுபவை. பயணி பார்க்க வேண்டியது மின்கலத்தின் வாட்-மணித் திறன். 55 வாட்-மணி மின்கலம் கொண்ட கணினி, எழுத்துப் பணிக்கும் இணைய உலாவலுக்கும் சராசரியாக 7 வாட் செலவிட்டால், ஏறத்தாழ 8 மணி நேரம் இயங்கும். காணொலிக் கூட்டம், நிரல் தொகுப்பு போன்ற பணிகளில் செலவு 14 வாட் ஆனால், நேரம் பாதியாகும். சில ஆண்டுப் பயன்பாட்டில் மின்கலத்தின் திறன் 80 சதவீதமாகக் குறையும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், முதல் ஆண்டில் 8 மணி நேரம் இயங்கியது பின்னர் ஆறரை மணி நேரத்துக்குள் அடங்கும்.

புனேயிலிருந்து தௌண்ட், சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல், ரேணிகுண்டா வழியாகச் சென்னை செல்லும் ரயில்களில் இந்தக் கணக்கு நேரடியாக உதவும. தீ விபத்துகளைத் தவிர்க்கும் நோக்கில், இரவு 11 மணி முதல் அதிகாலை 5 மணி வரை பெட்டிகளில் உள்ள மின்னேற்ற இணைப்புகளுக்கு மின்சாரத்தை நிறுத்தும் நடவடிக்கையை ரயில்வே 2021 மார்ச்சில் தீவிரப்படுத்தியது. பகலிலும் ஒரே இணைப்புக்குப் பல கைபேசிகள் காத்திருக்கும். ஆகவே, ரயிலில் மின்னேற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் சிறிய மின்கலம் கொண்ட கணினியைத் தேர்வது சரியாகாது. இரவு 11 மணிக்குள் மின்கலத்தை நிரப்பிக்கொள்வதே பயன் தரும். அடிக்கடி நீண்ட பயணம் செய்வோர் 50 வாட்-மணிக்குக் குறைந்த மின்கலத்தைத் தவிர்ப்பது நல்லது.

மும்பை–புனே இடையே 1930-ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் இயங்கிவரும் ‘டெக்கான் குயின்’ போன்ற சுமார் மூன்று மணி நேர ரயில்களில் மட்டும் பயணிப்போருக்கு நிலைமை வேறு. அவர்களுக்கு 40 வாட்-மணியே போதும். எடையையும் விலையையும் குறைத்துக்கொள்ளலாம்.

விமானத்தில் 100 வாட்-மணி எல்லை

பன்னாட்டு விமானப் போக்குவரத்து விதிகளின்படி, 100 வாட்-மணி வரையிலான லித்தியம் மின்கலங்களை முன் அனுமதியின்றி எடுத்துச் செல்லலாம். 100 முதல் 160 வாட்-மணி வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. அதற்கு மேற்பட்டவற்றைப் பயணிகள் கொண்டுசெல்ல இயலாது. பெரிய திரை கொண்ட உயர்திறன் கணினிகளிலும் மின்கலம் 99 வாட்-மணியை ஒட்டியே நிற்பதற்கு இந்த விதியே காரணம்.

தனி மின்கலங்களையும் பவர் பேங்க்குகளையும் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும். சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டியில் வைக்கக் கூடாது. பவர் பேங்க்கின் வாட்-மணியை அறிய, அதன் மில்லி ஆம்பியர்-மணி அளவை மின்கலத்தின் வோல்ட் அளவால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட் எனில் 74 வாட்-மணி. மின்மாற்றத்தில் ஏற்படும் இழப்பு போக, இது 55 வாட்-மணிக் கணினியை ஏறத்தாழ ஒரு முறை நிரப்பும்.

2025 ஜனவரி 28-ஆம் தேதி தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ‘ஏர் பூசான்’ விமானம் தீப்பற்றியது. அதிலிருந்த அனைவரும் வெளியேற்றப்பட்டனர். பவர் பேங்க் ஒன்றே காரணமாக இருக்கக்கூடும் என விசாரணையில் தெரியவந்தது. இதன் பின்னர் பல விமான நிறுவனங்கள் விதிகளைக் கடுமையாக்கின. 2025 அக்டோபர் 1 முதல் ‘எமிரேட்ஸ்’ தனது விமானங்களில் பவர் பேங்க் பயன்பாட்டுக்குத் தடை விதித்தது. எனவே, வானில் பவர் பேங்க்கை நம்பித் திட்டமிடாமல், கணினியின் உள்மின்கலத்தையே நம்பும் வகையில் தேர்வு அமைய வேண்டும். பயணத்துக்கு முன் அந்தந்த நிறுவனத்தின் நடப்பு விதியைச் சரிபார்ப்பதும் அவசியம்.

ஒரே மின்னேற்றி போதும்

யூஎஸ்பி-சி துளை வழியே மின்னேற்றும் கணினியைத் தேர்ந்தால், கைபேசிக்கும் கணினிக்கும் ஒரே மின்னேற்றி போதும். எடை குறைந்த கணினிகளுக்கு 45 முதல் 65 வாட் வரை போதுமானது. காலியம் நைட்ரைடு தொழில்நுட்பத்தில் உருவான 65 வாட் மின்னேற்றிகள் பழைய வகைகளைவிட மிகச் சிறியவை. ஐரோப்பிய ஒன்றியம் கைபேசிகளுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் யூஎஸ்பி-சி வசதியைக் கட்டாயமாக்கியுள்ளது. வெளிநாடு செல்வோர், மின்னேற்றியில் ‘100–240 வோல்ட்’ என அச்சிடப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

மடிக்கணினி, மின்னேற்றி, பவர் பேங்க் ஆகியவற்றுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். பொருளின் மீதுள்ள ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். பெயரற்ற மலிவு மின்னேற்றியால் மிச்சமாகும் சில நூறு ரூபாய், கணினிக்கே கேடாக முடியலாம்.

வெயிலும் மழையும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை புனேயைச் சூழ்ந்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் கனமழை பெய்யும். மகாபலேஷ்வரில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைக் கடக்கிறது. கோடையிலோ, சென்னை ரயில் பாதையில் உள்ள சோலாப்பூர், ராய்ச்சூர் பகுதிகளில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பெரும்பாலான மடிக்கணினிகள் 35 டிகிரி வரை இயங்கவே வடிவமைக்கப்பட்டவை. விசிறி இல்லாத கணினிகள் ஓசையின்றி இயங்கும் என்றாலும், குளிர்சாதனம் இல்லாத பெட்டியில் கடினமான பணியைக் கொடுத்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அமெரிக்க ராணுவத் தரச் சோதனையில் தேறியது என்ற குறிப்பு, கணினி நீரில் நனைந்தால் உத்தரவாதம் கிடைக்கும் என்று பொருள்படாது. நீர்புகாத உறையும், தற்செயல் சேதத்துக்கான காப்பும் தனியே தேவை.

சன்னலோரம் அமர்ந்து பணியாற்றுவோருக்குத் திரையின் ஒளி 400 நிட் அளவிலேனும் இருப்பது நன்று. பளபளப்பற்ற திரை கூடுதல் நலம்.

பின்னர் மாற்ற இயலாதவை

எடையையும் தடிமனையும் குறைப்பதற்காகப் பல கணினிகளில் ரேம் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்படுகிறது. பின்னாளில் அதைக் கூட்ட இயலாது. எனவே, தொடக்கத்திலேயே 16 ஜிபி கொண்டதை வாங்குவது பாதுகாப்பானது. எஸ்எஸ்டி சேமிப்பகத்தை மாற்ற முடியுமா, மின்கலத்தின் மாற்று விலை என்ன, சொந்த ஊரில் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் உள்ளதா ஆகிய மூன்றையும் கேட்டறிய வேண்டும். புனேயில் வாங்கிய கணினி திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ பழுதானால், அங்கேயே சரிசெய்ய முடிகிறதா என்பதே உத்தரவாதத்தின் உண்மையான மதிப்பு. சேவை மறுக்கப்பட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கலாம்.

புதுப்பிக்கப்பட்ட பழைய கணினிகளை நாடும் மாணவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ‘விண்டோஸ் 10’ இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் நிறைவடைந்தது. ‘விண்டோஸ் 11’ இயங்க, இன்டெல் கணினிகளில் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி தேவை. அந்த வரம்புக்குக் கீழுள்ளவை எவ்வளவு மெலிதாகவும் மலிவாகவும் இருந்தாலும் தவிர்க்கத்தக்கவை.

வெளிநாட்டிலிருந்து திரும்பும் 18 வயது நிறைந்த பயணி ஒரு மடிக்கணினியைச் சுங்க வரியின்றிக் கொண்டுவரலாம். எனினும், அதன் உத்தரவாதம் இந்தியாவிலும் செல்லுமா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

தொலைந்தால்

திருட்டுப்போன கைபேசியை முடக்க மத்திய அரசின் பதிவேடு உள்ளது; மடிக்கணினிக்கு அத்தகைய வசதி இல்லை. எடை குறைந்த கணினி திருடுபவருக்கும் எளிதானது. ஆகவே, வட்டு முழுமையையும் மறையாக்கம் செய்வது, வரிசை எண்ணையும் விலைச்சீட்டையும் வேறிடத்தில் சேமிப்பது, கோப்புகளுக்குப் படி எடுத்து வைப்பது ஆகியவை பயணத்துக்கு முன் முடிக்க வேண்டிய பணிகள். ரயிலில் கணினி காணாமற்போனால் உடனடியாக 139 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

பணம் செலுத்தும் முன்

மின்னேற்றியுடன் சேர்த்த எடை, மின்கலத்தின் வாட்-மணி, யூஎஸ்பி-சி மின்னேற்றம், ரேம் அளவு, சொந்த ஊரில் சேவை மையம் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, விருப்பமான இரண்டு மூன்று கணினிகளை ஒப்பிட்டால் பெரும்பாலான குழப்பம் நீங்கும். இயன்றால், கணினியைத் தாம் வழக்கமாகச் சுமக்கும் பையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, மடியில் வைத்து ஒரு பக்கம் தட்டச்சு செய்து பார்த்த பின்னரே முடிவெடுக்கலாம். நூறு கிராம் எடையைக் குறைக்கப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகச் செலவிடுவதைவிட, கனமான மின்னேற்றியை மாற்றுவதே பலருக்குப் போதுமானதாக இருக்கும்.