கிலோவுக்கு ஓர் அணா: அத்திப்பட்டிலிருந்து ஒரு கேள்வி

கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் போனவர்களுக்குத் தெரியும். எண்ணூர் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர், அடுத்து அத்திப்பட்டு. இன்றைக்கு ஜன்னல் வழியே கண்ணில் படுவது அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்தான். ஆனால் இந்த வட்டாரத்தின் பழைய தொழில் உப்பு. காலனி நாடுகள் ஏன் விடுதலை கேட்டன என்று யாராவது கேட்டால், நான் இந்த உப்பிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனி அரசின் ஏகபோகமானது. அளத்தில் உப்பு விளைவிப்பவர் அதை அரசிடம்தான் கொடுக்க வேண்டும். அதற்கு அரசு தருகிற பணத்துக்குக் 'குடிவாரம்' என்று பெயர். பிறகு அதே உப்பைப் பல மடங்கு விலைக்கு அரசே விற்கும். எண்ணூர் பக்கத்து உப்பு கால்வாயில் படகேறிச் சென்னைக்குப் போனது. பின்னாளில் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனதும் இதுதான். சென்னையில் இன்றும் 'சால்ட் கோட்டர்ஸ்' என்று ஓர் இடம் இருக்கிறதே, அது உப்புக் கொட்டாரத்தின் மிச்சம்.

சரி, வெயிலில் தானாகப் பூக்கும் உப்பை அள்ளினால்? அதுவும் குற்றம். 1889-ம் ஆண்டு சென்னை உப்புச் சட்டம் உப்புமண்ணைக்கூட விட்டுவைக்கவில்லை. இயற்கையாக விளைந்த உப்பை உப்பு இலாகா ஆட்களே அழித்துவிடுவார்கள். வாசலில் கிடப்பதை எடுத்துக் கஞ்சியில் போட முடியாது!

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரலாம். வரி அவ்வளவு பெரிசா என்ன? 1923-ல் 82 பவுண்டு கொண்ட ஒரு மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, இரண்டரை ரூபாய். கிலோவுக்கு ஓர் அணாவுக்குச் சற்று மேல். கூலிக்காரக் குடும்பத்துக்கு அது வலிதான். ஆனாலும் ஒரு சாம்ராஜ்யத்தையே எதிர்க்க இது போதுமா?

அந்த 1923-ல் நடந்ததைப் பாருங்கள். ஒன்றேகால் ரூபாயாக இருந்த வரியை அரசு இரட்டிப்பாக்கப் பார்த்தது. தில்லியின் மத்திய சட்டசபை "முடியாது" என்று நிராகரித்தது. வைஸ்ராய் ரீடிங் பிரபு தன் தனி அதிகாரத்தால் சான்றளித்து அதை அமலாக்கிவிட்டார். அடுத்த ஆண்டே வரி பழைய அளவுக்கு இறங்கியது உண்மைதான். ஆனால் பாடம் மனதில் நின்றுவிட்டது: சபை உண்டு, ஓட்டு உண்டு, ஆனால் நம்ம 'முடியாது'க்கு மதிப்பில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1773-ல் பிரிட்டன் போட்ட தேயிலைச் சட்டம் தேயிலையை மலிவாக்கியது. அப்படியும் பாஸ்டனில் அதைக் கடலில் கொட்டினார்கள். விலை குறைந்ததா என்பதல்ல, யாரைக் கேட்டு வரி போட்டாய் என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

அதே கேள்வியோடுதான் 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். வழியில் சோறு போட்டால் ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் மிரட்டியும் ஜனங்கள் சோறு போட்டார்கள். ஏப்ரல் 30-ல் உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார். அவர்கள் அள்ளிய உப்பின் எடை சொற்பம். "கேட்காமல் போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட மாட்டோம்" என்று கையால் செய்து காட்டியதுதான் பெரிசு. கடைசியில் 1947-ல், விடுதலைக்குச் சில மாதம் முன்பு, இடைக்கால அரசின் பட்ஜெட் உப்பு வரியை ஒழித்தது.

பசியும் வறுமையும் கோபத்தை வளர்த்தன, மறுக்கவில்லை. ஆனால் கோபம் விடுதலைக் கோரிக்கையாக மாறுவது, கேட்டுப் பார்த்தும் பதில் கிடைக்காத இடத்தில்தான்.

இப்போது எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் நிலக்கரியும் துறைமுகமும் வந்துவிட்டன. ஆள்வது நாம் தேர்ந்தெடுத்த அரசு. அது பெரிய வித்தியாசம், சின்ன விஷயமில்லை. ஆனாலும் இந்த மண்ணைப் பற்றி முடிவெடுக்கும்போது, இங்கே இருக்கிறவர்களைக் கேட்டார்களா என்ற அந்தப் பழைய கேள்வியை நாம் விட்டுவிடக் கூடாது, இல்லையா?