வீட்டின் இரண்டாவது வண்டி: ஐம்பது ஆண்டுகளின் பாடம்

வீட்டில் ஒரே மோட்டார் சைக்கிள். காலை எட்டு மணிக்கு வாப்பா அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டால், இரவு வரை மற்றவர்களுக்கு வாகனம் இல்லை. மகனுக்குக் கல்லூரி, மகளுக்கு ஆசிரியப் பயிற்சி, உம்மாவுக்கு மாதம் ஒருமுறை மருத்துவமனை என்று ஒவ்வொன்றுக்கும் பேருந்தை நம்ப வேண்டும், அல்லது ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். இந்நிலையில்தான் இரண்டாவது வண்டி பற்றிய பேச்சு எழுகிறது. வட்டிக் கடனைத் தவிர்க்கும் நம் குடும்பங்களில் கையில் சேர்ந்த தொகையே எல்லை. அது பெரும்பாலும் முப்பதாயிரத்திற்கும் ஐம்பதாயிரத்திற்கும் இடையில் நின்றுவிடுகிறது. ஆகவே நாடுவது பழைய வண்டியைத்தான். எந்தப் பழைய வண்டி என்று கேட்டால் இளைஞர்களின் ஆசை ஒரு பக்கம் இழுக்கும். இந்நாட்டில் எளியவர் கைக்கு இருசக்கர வாகனம் வந்து சேர்ந்த வரலாறு வேறு பக்கம் கைகாட்டும்.

அவ்வரலாறு தட்டுப்பாட்டில் தொடங்குகிறது. 1955இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாயின. மைசூரில் ஜாவாவும் பின்னர் எஸ்டியும், வடக்கே ராஜ்தூத்தும் வந்தன. இவை வலிமையான வண்டிகள்தாம். ஆயினும் ஒரு குமாஸ்தாவோ சிறு வணிகரோ அன்றாடம் பெட்ரோல் ஊற்றி ஓட்டும் தரத்தில் அவை இல்லை. நடுத்தரக் குடும்பம் விரும்பியது ஸ்கூட்டரை. 1972இல் பஜாஜ் சேத்தக் வந்தபோது, எத்தனை வண்டிகள் உற்பத்தி செய்யலாம் என்பதை அரசு உரிமமே வரையறுத்தது. பணத்தைக் கட்டிவிட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அந்நியச் செலாவணியில் பணம் செலுத்துவோருக்கு வரிசையைத் தாண்டி வண்டி கிடைக்கும் வழியும் இருந்தது. வளைகுடாவில் உறவினர் இருந்த வீடுகளுக்கு அது ஒரு வசதி. அவ்வசதி இல்லாதவர், காத்திருக்கவும் இயலாதவர், பயன்படுத்திய ஸ்கூட்டருக்குப் புதியதன் விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்தார். பழைய பொருள் புதியதைவிட விலை ஏறிய காலம் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

அந்த வரிசைக்கு வெளியே நின்றவர்களுக்கு முதலில் கிடைத்தது மொபெட். 1972இல் பூனாவிலிருந்து லூனா வந்தது. 1980இல் ஓசூரில் சுந்தரம் கிளேட்டன் குழுமத்தார் டி.வி.எஸ். 50 என்ற வண்டியை வெளியிட்டனர். ஐம்பது சி.சி. திறன்தான், ஆனால் இருவர் அமரலாம். கியர் இல்லை, கிளட்ச் இல்லை, மிதித்தால் கிளம்பும். மீன் கூடையும் துணி மூட்டையும் பால் கேனும் அதன்மேல் ஏறின. தமிழ்நாட்டின் சிறு வணிக வரலாற்றை எழுதுபவர்கள் வங்கிகளைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதினால், இவ்வண்டிக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும் என்பது என் எண்ணம். அதன் வழிவந்த எக்ஸ்.எல். 100, 2015இல் நான்கு வீச்சு எந்திரத்துடன் வெளிவந்து, இன்றும் சந்தைகளில் அதே பணியைச் செய்து வருகிறது.

பெரிய திருப்பம் 1980களின் நடுவில் நிகழ்ந்தது. நூறு சி.சி. வரையிலான வண்டிகளுக்கு அயல்நாட்டுக் கூட்டு முயற்சிகளை அரசு அனுமதித்தது. 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டில் யமஹா ஆர்.எக்ஸ். 100, தொடர்ந்து கவாசாகி பஜாஜ் என்று நான்கு ஜப்பானியப் பெயர்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இறங்கின. நால்வரில் மூவர் கொண்டுவந்தது இரண்டு வீச்சு எந்திரம். ஹோண்டா மட்டும் நான்கு வீச்சு எந்திரத்தைத் தந்தது.

இவ்வேறுபாட்டைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இரண்டு வீச்சு எந்திரத்தில் கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரிபொருள் வெடிக்கிறது. ஆகவே அளவில் சிறியதாயினும் பாய்ச்சல் அதிகம். ஆனால் புதிதாக உள்ளே வரும் பெட்ரோல் கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகைக்குழாய் வழியாக வெளியேறிவிடும். உயவு எண்ணெயும் பெட்ரோலோடு சேர்ந்தே எரிவதால் நீலப் புகை எழும். 2டி எண்ணெயின் செலவு தனி. நான்கு வீச்சு எந்திரத்தில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு. எண்ணெய் தனித் தொட்டியில் நின்று சுழல்கிறது, பெட்ரோல் வீணாவதில்லை. சி.டி. 100 வண்டியின் 97.2 சி.சி. எந்திரம் லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் தரும் என்று விளம்பரப்படுத்தப்பட்டபோது, அதுவரை நாற்பதும் ஐம்பதும் கண்டிருந்த மக்கள் வியந்தனர். 1958இல் ஜப்பானில் வெளிவந்து உலகெங்கும் பத்துக் கோடிக்கும் மேல் உற்பத்தியான சூப்பர் கப் வண்டியின் கிடைமட்ட எந்திரக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அதே 97.2 சி.சி. எந்திரம் 1994இல் ஸ்பிளெண்டராகத் தொடர்ந்தது. பஜாஜ் தன் பங்கிற்குச் சி.டி. 100, பிளாட்டினா போன்ற வண்டிகளோடு அதே பாதைக்கு வந்தது.

ஆர்.எக்ஸ். 100 வண்டியின் கதை வேறு. 1996இல் அதன் உற்பத்தி நின்றது. இன்று அதைத் தேடுவோர் அதன் ஒலிக்காகவும் பெயருக்காகவும் தேடுகின்றனர்; விலையும் அதற்கேற்ப ஏறி நிற்கிறது. கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை கேட்கும் முதல் பழைய வண்டி பெரும்பாலும் அதுவே. அது சேகரிப்பாளரின் பொருளாகிவிட்டது, அன்றாடப் பயணத்திற்கு உரியதன்று என்று தந்தையர் உறுதியாகச் சொல்லிவிட வேண்டும்.

புகை விதிகள் இவ்வரலாற்றின் அடுத்த பகுதி. 2017 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பி.எஸ். 3 வண்டிகளை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29 அன்று தீர்ப்பளித்தது. எஞ்சிய இரண்டு நாட்களில் விற்பனையாளர்கள் ஆயிரக்கணக்கில் தள்ளுபடி அளித்து இருப்பைத் தீர்த்ததும், கடைகளின் முன் கூட்டம் முண்டியடித்ததும் பலருக்கு நினைவிருக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தது. அதோடு கார்புரேட்டர் விடைபெற்றது. எரிபொருளை அளந்து தெளிக்கும் மின்னணு முறை அதன் இடத்தைப் பிடித்தது.

இரண்டாவது வண்டி தேடுவோருக்கு இந்த இரு தேதிகளும் முக்கியமானவை. 2017 ஏப்ரலுக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையில் பதிவான நூறு அல்லது நூற்றுப்பத்து சி.சி. வண்டியில் கார்புரேட்டர் இருக்கும். எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிடுவார். பதிவுச் சான்று பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் 2032 முதல் 2035 வரை காலம் இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பின் தயாரான வண்டியாயின், ஒரு பிரேக்கை அழுத்தினால் இரு சக்கரமும் பிடிக்கும் அமைப்பும் சேர்ந்து கிடைக்கும். புதிதாக ஓட்டப் பழகும் பிள்ளைக்கு அது சிறிய காரியமன்று. பி.எஸ். 6 வண்டிகள் சீராகக் கிளம்பும், நன்றாகவே ஓடும். ஆனால் உணரி ஒன்று பழுதானால் சோதனைக் கருவி உள்ள பணிமனைக்குத்தான் போக வேண்டும். செலவை அஞ்சும் வீட்டிற்கு முந்தையதே ஏற்றது என்பது என் தீர்மானம். விலை பேசும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான புதிய வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. புதியதன் விலை இறங்கிய பின்பும் பழைய கணக்கிலேயே விலை சொல்லும் தரகரிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

ஓட்டப்போவது யார் என்ற கேள்வியைப் பல வீடுகளில் கேட்பதே இல்லை. வண்டி வாங்குவது ஆண்களின் காரியம் என்றே எண்ணிவிடுகிறோம். ஆக்டிவா போன்ற கியரில்லா ஸ்கூட்டர்கள் பரவிய பிறகு, வீட்டின் இரண்டாவது வண்டி பெண்களின் வண்டியாயிற்று. 2018 பிப்ரவரியில் தமிழக அரசு, பணிபுரியும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் மானியம் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியதும் இம்மாற்றத்தை உணர்ந்துதான். மகளும் உம்மாவும் ஓட்டக்கூடிய வண்டி ஒன்று, மகன் மட்டும் ஓட்டும் வண்டியைவிட அதிகப் பயன் தரும். மைலேஜ் குறைவு என்று தயங்குவோர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மாதம் 750 கிலோமீட்டர் ஓடினால், லிட்டருக்கு அறுபது தரும் மோட்டார் சைக்கிளுக்குப் பன்னிரண்டரை லிட்டர் தேவை. நாற்பத்தைந்து தரும் ஸ்கூட்டருக்கு ஏறக்குறைய பதினேழு லிட்டர். வேறுபாடு நான்கு லிட்டரைச் சற்றுத் தாண்டும். இரண்டு ஆட்டோப் பயணங்களின் கட்டணம் அதற்குச் சமமாகிவிடும்.

வண்டியைப் பார்க்கக் காலையில் செல்லுங்கள், எந்திரம் குளிர்ந்திருக்கும்போது. ஏற்கெனவே சூடேற்றி வைத்திருந்தால் பிறிதொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். கிளப்பிய பின் நீலப் புகை நிற்காமல் வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன. மீட்டரில் இருபதாயிரம் கிலோமீட்டர் காட்டி, பிரேக் மிதியின் ரப்பர் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால், மீட்டரை நம்ப வேண்டாம்.

பலர் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது தாள்களை. பெயர் மாற்றாமல் கையொப்பமிட்ட படிவங்களோடு வண்டி கைமாறிக் கைமாறிச் செல்லும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பல கை மாறிய ஒரு வாகனம் விபத்துக்குள்ளானபோது, பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், இழப்பீட்டுக்குப் பொறுப்பும் அவருடையதே என்று தீர்ப்பளித்தது. நாம் விற்ற வண்டி யாரையோ மோதினால், பதிவேட்டில் நம் பெயர் இருக்கும் வரை நம் வீட்டிற்கே அழைப்பாணை வரும். ஆகவே விற்பவரும் வாங்குபவரும் படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வண்டியின்மேல் கடன் இருந்திருந்தால், நிதி நிறுவனம் ஒப்பமிட்ட படிவம் 35 இல்லாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். சேசிஸ் எண்ணையும் எந்திர எண்ணையும் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். காப்பீட்டையும் வாங்கிய பதினான்கு நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். விலையைப் பேசும்போதே, இந்த மாற்றச் செலவு யாருடையது என்பதையும் பேசி முடித்துவிடுங்கள்.