சிங்கப்பூரில் பயணிகள் விமான நிறுவனங்களின் தோற்றம்: வழித்தட உரிமை நோக்கில் ஒரு பார்வை

முன்னுரை

சிங்கப்பூர்த் தமிழரின் பயண வரலாறு பெரும்பாலும் கப்பல் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 'ரஜூலா' கப்பலை அறியாத தமிழாய்வாளர் அரியர். ஆயின், கப்பலின் இடத்தைப் பின்னர்ப் பெற்றுக்கொண்ட விமானப் போக்குவரத்து இங்கு ஒரு தொழிலாக எவ்வாறு உருப்பெற்றது என்னும் வினா நம் துறையில் போதிய கவனம் பெறவில்லை. புதியதொரு விமான நிறுவனத்தைத் திட்டமிடுவோர் விமானத்தையும் முதலீட்டையுமே முதற்கண் எண்ணுவர் என்பது பொதுவான கருத்து. சிங்கப்பூர் வரலாறு காட்டுவது வேறு. எங்கே பறக்கலாம் என்னும் உரிமையே இங்குத் தோன்றிய நிறுவனங்களின் போக்கைப் பெரிதும் தீர்மானித்துள்ளது. இதனை மூன்று காலகட்டங்களின்வழி நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செலேத்தாரும் காலாங்கும்

இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த புதுநகராக விளங்கும் செங்காங் வட்டாரத்தின் மேற்குப் பகுதியில் ஜாலான் காயு என்னும் பழைய சாலை உள்ளது. செலேத்தார் விமானத் தளத்திற்கு இட்டுச் செல்லும் சாலை அது. பிரிட்டிஷ் வான்படைக்கென 1928இல் அமைந்த அத்தளமே 1930 முதல் பயணிகள் விமானங்களுக்கும் இடமளித்தது. 1937 ஜூன் 12ஆம் நாள் காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டபின் இந்நிலை மாறியது.

அவ்வாண்டிலேயே இரண்டு திட்டங்கள் எழுந்தன. மோட்டார் வாகன வணிகத்தில் பெயர்பெற்ற வேர்ன் சகோதரர்களின் நிறுவனம் ஜூன் 28ஆம் நாள் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு நகரங்களை இணைக்கும் சேவையைச் சிறிய டிராகன் ராப்பிட் விமானத்தைக்கொண்டு தொடங்கியது. அக்டோபர் 12இல் ஓஷன் ஸ்டீம்ஷிப், ஸ்டிரெய்ட்ஸ் ஸ்டீம்ஷிப், இம்பீரியல் ஏர்வேஸ் ஆகியன கூடி மலாயன் ஏர்வேஸ் நிறுவனத்தைப் பதிவு செய்தன. இவற்றுள் முதலிரண்டும் கப்பல் நிறுவனங்கள் என்பது கருதத்தக்கது. ஆயினும், பதிவு பெற்ற இந்நிறுவனம் பத்தாண்டுகள் ஏட்டளவிலேயே இருந்தது. போருக்குப்பின், 1947 மே முதல் நாளில்தான் ஐவர் அமரக்கூடிய ஏர்ஸ்பீடு கான்சல் விமானத்துடன் அதன் கால அட்டவணைச் சேவை தொடங்கிற்று. வேர்ன் சகோதரர்களின் சேவையோ போரால் நின்றுபோயிற்று.

ஈண்டு ஒன்றைச் சுட்ட வேண்டும். அக்காலச் சிங்கப்பூரும் மலாயாவும் ஒரே பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. ஆகவே, கோலாலம்பூருக்குப் பறக்க மற்றொரு நாட்டின் இசைவு தேவைப்படவில்லை.

1972: பிரிவினையும் பங்கீடும்

1965இல் இந்நிலை மாறிற்று. சிங்கப்பூர் தனிநாடானதும், நேற்றுவரை உள்ளூர் வழித்தடமாக இருந்தது பன்னாட்டு வழித்தடமாயிற்று. 1944ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டின் அனுமதியின்றி அந்நாட்டிற்கு வேற்றுநாட்டு விமான நிறுவனம் கால அட்டவணைச் சேவை நடத்த இயலாது.

1966 முதல் இரு நாடுகளின் கூட்டு நிறுவனமாக இயங்கிய மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்சின் நோக்கங்கள் விரைவில் முரண்பட்டன. மலேசியா தன் உள்நாட்டு வழித்தடங்களின் வளர்ச்சியை வேண்டியது. உள்நாட்டு வழித்தடமே இல்லாத சிங்கப்பூருக்கோ பன்னாட்டுச் சேவையன்றி வேறு வழியில்லை. 1972 ஜனவரி 28இல் புதிய நிறுவனம் மெர்க்குரி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்னும் பெயரில் பதிவாயிற்று. பழைய நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துகள் அப்பெயரிலும் தொடர்ந்தமையால் மலேசியா அதனை எதிர்த்தது. அதன்பின் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்னும் பெயர் நிலைபெற்றது.

அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளில் புது நிறுவனம் பறக்கத் தொடங்கியபோது, போயிங் 707, 737 வகையைச் சேர்ந்த பத்து விமானங்களும் சிங்கப்பூரிலிருந்து செல்லும் பன்னாட்டு வழித்தடங்களும் தலைமையகமும் அதன் பங்காயின. பெயரளவில் புதியது எனினும், உரிமையளவில் அது மரபுரிமை பெற்ற நிறுவனமே என்பது நம் கருத்து. கிள்ளானில் 1934இல் பிறந்த இந்திய வம்சாவளியினரான ஜே. ஒய். பிள்ளை 1996 வரை அதன் தலைவராக இருந்தார். அவர்தம் நிருவாகத் திறன் பலராலும் போற்றப்படுவது. அத்திறனுக்குக் களமாக அமைந்தது இப்பங்கீடு என்பதையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும்.

2004: மரபுரிமையற்ற தொடக்கங்கள்

இக்கருத்தைச் சோதித்தறிய 2004ஆம் ஆண்டு உதவுகிறது. அவ்வாண்டில் வால்யூஏர், டைகர் ஏர்வேஸ், ஜெட்ஸ்டார் ஏசியா என்னும் மூன்று குறைந்த கட்டண நிறுவனங்கள் சிங்கப்பூரிலிருந்து பறக்கத் தொடங்கின. அவற்றுள் முந்தியது வால்யூஏர். அதனைத் தொடங்கியவர்களுள் ஒருவரான லிம் சின் பெங், 1972இல் சிங்கப்பூர் ஏர்லைன்சின் முதல் நிருவாக இயக்குநராகப் பொறுப்பேற்றவர். அதே துறை, அதே அனுபவம்; எனினும், ஓராண்டு கடந்த சிறிது காலத்தில், 2005இல், வால்யூஏர் ஜெட்ஸ்டார் ஏசியாவுடன் இணைந்தது.

இணைந்த பின்னரும் அப்பெயர் மறையவில்லை. வெளிநாட்டுக் குறைந்த கட்டண நிறுவனங்களுக்கு இந்தோனேசியா தன் முக்கிய நகரங்களில் கட்டுப்பாடு விதித்திருந்தது. அங்குப் பறக்கும் உரிமையை முன்னரே பெற்றிருந்தது வால்யூஏர். எனவே, இந்தோனேசிய வழித்தடங்களில் மட்டும் அப்பெயர் 2014 வரை வழங்கிற்று. நிறுவனம் கரைந்தது, அதன் பெயரை உரிமை காத்தது. நம் வாதத்திற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. டைகர் 2017இல் ஸ்கூட்டுடன் இணைந்தது. ஜெட்ஸ்டார் ஏசியா 2025 ஜூலை 31ஆம் நாளோடு சேவையை முடித்துக்கொண்டது. உயர்ந்துவந்த செலவும் கடும் போட்டியும் அதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. உரிமை மட்டுமே ஒரு நிறுவனத்தை வாழவைக்காது என்பதையும் இதனால் உணரலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், சிங்கப்பூரில் ஒரு விமான நிறுவனத்தின் தொடக்கம் வணிகத் திட்டமாக மட்டும் அமைவதில்லை. நாடுகளுக்கிடையேயான ஒப்பந்தங்களின் விளைவாகவும் அமைகிறது என்பது பெறப்படும். இது தமிழாய்வுக்குப் புறம்பானதன்று. சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இடையே வாரத்திற்கு எத்தனை இருக்கைகள் என்பதை இருதரப்பு ஒப்பந்தமே வரையறுக்கிறது. திருச்சிராப்பள்ளிக்கோ கோயம்புத்தூருக்கோ சென்று திரும்பும் தமிழ்க் குடும்பத்தின் பயணமும் அவ்வரையறைக்கு உட்பட்டதே. கப்பல் பயணிகளின் பட்டியல்களைப் புலம்பெயர்வின் ஆவணங்களாகப் பயின்ற நாம், இனி விமான ஒப்பந்தங்களையும் கால அட்டவணைகளையும் அவ்வாறே பயிலுதல் வேண்டும். அவ்வாறு பயிலாவிடின், கப்பலுக்குப் பிந்திய அரைநூற்றாண்டுத் தமிழர் பயண வரலாறு எழுதப்படாமலேயே போகும்.