எதுவும் நடக்காத விடியல்

லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தைக் கடந்து போகாத கம்பம் பள்ளத்தாக்குக்காரர் யாரும் இருக்க முடியாது. 1895-இல் பெரியாறு அணை முடிந்தது, தண்ணீர் வந்தது, சின்னமனூர் வயல்களில் இன்றும் நெல் விளைகிறது. வேலையை முடித்தவர் சுட்டிக்காட்ட ஓர் அணை நின்றது. ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, நம் பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து உழைத்த இன்னொரு பெரிய வேலை முடிந்தது. அவர்கள் சுட்டிக்காட்டத்தான் ஒன்றும் இல்லை.

ஒய்2கே என்று பத்திரிகைகள் அலறியது நினைவிருக்கும். சங்கதி சிறியது. பழைய கம்ப்யூட்டர்களுக்குத் துளையிட்ட அட்டைதான் தீனி. ஓர் அட்டையில் 80 எழுத்துக்குத்தான் இடம். அதனால் 1965 என்பதை 65 என்று சுருக்கினார்கள். 2000 பிறந்தால் 00 வரும், இயந்திரம் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். வட்டிக் கணக்கு, ஓய்வூதியம், காப்பீடு எல்லாம் குழம்பும். பாப் பெமர் என்ற அமெரிக்கர் 1970-களிலேயே எச்சரித்தார், கேட்பார் இல்லை.

நம் அலுவலகங்களிலும் இதே கதைதான். படிவங்களில் "19" என்று முன்கூட்டியே அச்சிட்டிருப்பார்கள், பக்கத்தில் இரண்டு இலக்கம் எழுதினால் போதும். 2000 ஜனவரியில் கட்டுக் கட்டாக இருந்த படிவங்களில் அந்த 19-ஐ அடித்து 20 போட்டோம். எங்களுக்கு ஒரு பேனா போதுமானதாக இருந்தது.

அவர்களுக்கு அப்படி இல்லை. 20, 30 ஆண்டுக்கு முன் யாரோ கோபால் மொழியில் எழுதிய லட்சக்கணக்கான வரிகளைப் படித்து, தேதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும். எழுதியவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அமெரிக்காவில் சிலரை வீட்டிலிருந்து மறுபடி வேலைக்கு அழைத்தார்கள் (என்னைப் போன்ற ஆள்களுக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்). சென்னையில் தெருவுக்குத் தெரு கோபால் வகுப்பு முளைத்தது. உலகம் முழுவதும் 30,000 கோடி டாலருக்கு மேல் செலவாகும் என்று கார்ட்னர் நிறுவனம் கணித்தது.

1999 டிசம்பர் 31 இரவு, ஊர் வாணவேடிக்கை பார்த்தபோது அந்தப் பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டு அலுவலகத்தில் இருந்தார்கள். நியூசிலாந்தில் விடிந்தது, ஜப்பானில் விடிந்தது, இந்தியாவில் விடிந்தது. விளக்கு எரிந்தது, ரயில் ஓடியது. பிரெஞ்சு வழியில் படித்ததால் அந்தப் பக்கத்துச் செய்தியை இன்றும் விடுவதில்லை. பிரான்சின் வானிலைத் துறை தன் இணையப் பக்கத்தில் ஆண்டை 19100 என்று காட்டியதாம்! இப்படிச் சில்லறைப் பிழைகள் அங்கங்கே வந்தன, அவ்வளவுதான்.

பிறகு வந்த பேச்சுதான் வேதனை. "எல்லாம் ஏமாற்று வேலை, பணம் பிடுங்கக் கட்டிய கதை" என்று ஜனவரி முதல் வாரத்திலேயே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். வேலை சரியாக நடந்ததற்குச் சாட்சி எதுவும் நடக்காததுதான், அதுவே அவர்களுக்கு எதிரான சாட்சியாகவும் ஆனது. அந்த எரிச்சலைப் பல புரோகிராமர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மார்ச் 31 கணக்கை முடித்துவிட்டு ஏப்ரல் 1 காலை வெறும் மேசை முன் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வெறுமையில் கால்வாசியாவது புரியும். எங்களுக்காவது அன்றைக்கே புதுப் பேரேடு வந்துவிடும். அவர்களுக்கோ வேலை முடிந்ததும் கோபாலுக்கு மவுசு குறைந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் தொழிலே சரிந்தபோது, வேலை இல்லாமல் "பெஞ்ச்"சில் உட்கார்ந்தவர்களும் திரும்பி வந்தவர்களும் ஏராளம்.

முடிந்ததா என்றால் அதுவும் முழுக்க இல்லை. பல இடங்களில் நான்கு இலக்கமாக மாற்ற நேரம் இல்லாமல், சிறிய எண் வந்தால் 2000, பெரிய எண் வந்தால் 1900 என்று ஒரு எல்லை வைத்து ஒப்பேற்றினார்கள். இன்னொரு வகைக் கம்ப்யூட்டர்கள் 1970-லிருந்து விநாடிகளை எண்ணுகின்றன. அவற்றில் மாற்றாமல் விட்டவற்றுக்கு 2038 ஜனவரி 19-ஆம் தேதி எண் நிரம்பிவிடும். நம் நேரப்படி செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம். அதற்கான வேலையை இப்போதே சில பிள்ளைகள் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.