களஞ்சியம் காட்சிப்பொருளாகும்போது: காவிரிப் படுகையில் உழைப்பும் உல்லாசமும்

பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறையில் செங்கல்லால் கட்டிய ஒரு நெற்களஞ்சியம் நிற்கிறது. வட்டச் சுவர், கூம்பிய மேல்மூடி, நெல்லைக் கொட்டவும் எடுக்கவும் வெவ்வேறு உயரங்களில் வாசல்கள். தஞ்சை நாயக்கர் காலத்தது. உயரம் முப்பது அடிக்கு மேல். மூவாயிரம் கலம் கொள்ளும் என்று சொல்கிறார்கள். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று கணக்குப் போட்டால் 36,000 மரக்கால் நெல். இன்று அது தொல்லியல் துறையின் பாதுகாப்புச் சின்னம். உள்ளே ஒரு மணி நெல் கிடையாது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், வியக்கிறார்கள், போகிறார்கள்.

கைவிடப்பட்ட தொழிற்கூடம் என்றதும் நமக்குப் புகைபோக்கியும் துருப்பிடித்த இரும்பும்தான் நினைவுக்கு வருகின்றன. தஞ்சையின் தொழில் நெல். அதன் கூடங்கள் அணையும் மதகும் களமும் களஞ்சியமும். இவற்றையும் தொழிற்கூடங்களாகப் பார்க்காதவரை நம்முடைய தொழில் வரலாறு பம்பாய் ஆலையிலும் பின்னி மில்லிலுமே நின்றுபோகும். விவசாயக் கூலிக்கு அதில் இடமே இராது.

ஜெர்மனியில் ரூர் பகுதியின் டூயிஸ்பர்க் நகரில் 1985இல் மூடப்பட்ட இரும்பு உருக்காலை 1994இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. எரிவாயு சேமித்த உருளையில் நீரை நிரப்பி முக்குளிக்கிறார்கள். சுவர்களில் மலையேற்றம் பழகுகிறார்கள். அதே நாட்டில் கால்கர் என்ற ஊரில் கட்டிய வேக ஈனுலை ஒருநாளும் ஓடியதில்லை. மக்களின் எதிர்ப்பும் ஏறிக்கொண்டே போன செலவும் அரசியல் தயக்கமும் சேர்ந்து 1991இல் அதைக் கைவிட வைத்தன. இப்போது அது கேளிக்கைப் பூங்கா; குளிர்விப்புக் கோபுரத்துக்குள் ராட்டினம் சுற்றுகிறது. போராடியவர்கள் ஜெயித்தார்கள் என்பது உண்மை. ஆனால் ராட்டினத்தில் சுற்றுகிற குழந்தைக்கு அந்தப் போராட்டம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. உல்லாசத்தின் அரசியல் இதுதான்: கட்டடத்தை வைத்துக்கொள்ளும், அதனுள் நடந்த மோதலைத் துடைத்துவிடும்.

காவிரியில் விஷயம் இன்னும் சிக்கலானது. இங்கே வேலை முடிந்த பிறகு பூங்கா வருவதில்லை. வேலை நடக்கும்போதே வந்துவிடுகிறது. ஆர்தர் காட்டன் 1836இல் தொடங்கிய முக்கொம்பு மேலணையை இன்று பெரும்பாலோர் பூங்காவாகத்தான் அறிவார்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போனோம், பிள்ளைகள் ஊஞ்சல் ஆடினார்கள் என்பதுதான் முக்கொம்பு பற்றிய பொது நினைவு. 2018 ஆகஸ்ட் 22 அன்று கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த 45 மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டபோதுதான், அது காட்சிக்கு நிற்கிற பொருளல்ல, படுகையின் உயிர்நாடி என்பது பலருக்கு உறைத்தது. வேடிக்கை பார்க்கிற கண்ணுக்கு விரிசல் தெரியாது.

மேட்டூரைப் பாருங்கள். 1925இல் வேலை தொடங்கி 1934இல் முடிந்த அணை. முழுக் கொள்ளளவு 120 அடி. நீரில் மூழ்கிய ஊர்களில் ஒன்று பண்ணவாடி. நீர்மட்டம் வெகுவாக இறங்கினால் அங்கிருந்த ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வரும், கிறித்தவ தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். உடனே கூட்டம் கூடிவிடும், பத்திரிகைகளில் படம் வரும். நந்தி தெரிகிறது என்றால் என்ன அர்த்தம்? ஜூன் 12இல் குறுவைக்குத் தண்ணீர் வருமா என்பது சந்தேகம் என்று அர்த்தம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் மதகு திறக்கவில்லை, 2020இல்தான் திறந்தது. மேலே ஒருவனுக்குக் காட்சியாக இருப்பது கீழே இன்னொருவனுக்குக் கஞ்சியில்லாத ஆவணி. ஊரை இழந்தவர்களின் துயரமும் வயல் காய்ந்தவர்களின் துயரமும் ஒரே படத்தில் அழகாகிவிடுகின்றன.

கல்லணைக்குப் போனால் கரிகாலன் இருக்கிறான். கரை கட்டப் பன்னிரண்டாயிரம் பேர் இலங்கையிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்டார்கள் என்று சிங்கள மரபுக்கதை சொல்கிறது. வரலாறாக அது நிற்குமா என்பது வேறு விவாதம். ஆனால் அணை என்றதும் அடிமை உழைப்பை நினைத்துக்கொள்கிற கதை கடலுக்கு அந்தப்புறம் இருக்கிறது, இந்தப்புறம் சிலைதான் இருக்கிறது. இதை நாம் யோசிக்க வேண்டாமா?

மறுபடியும் களஞ்சியத்துக்கு வருவோம். 36,000 மரக்காலை அளந்து கொட்டியவர்கள் யார்? பண்ணையாட்கள், பெரும்பாலும் தலித்துகள். மரக்கால் என்பது வெறும் அளவை அல்ல, அதுதான் அதிகாரம். எந்த மரக்காலால் வாங்குவது, எதனால் கொடுப்பது, தலை தட்டுவதா கூம்பாக விடுவதா என்பதில் ஒரு குடும்பத்தின் பசி தீர்மானமானது. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய சங்கங்களின் அழுத்தத்தில்தான் 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். சங்கமாக நின்று அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு அதுதான் பதில். 1973இல் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. களஞ்சியத்தின் கொள்ளளவைச் சொல்கிற நாம் இந்த அரைப்படியையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

உல்லாசமே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆடிப்பெருக்கன்று கட்டுச்சோற்றோடு ஆற்றங்கரைக்குப் போவது இந்த மண்ணின் பழைய ஓய்வு. அதிலும் படித்துறைக்குப் படித்துறை சாதி இருந்தது, அதை மறைக்க வேண்டாம். என்றாலும் புதுவெள்ளம், நாற்று, விதைப்பு என்று வேலையின் சுழற்சியோடு ஒட்டியிருந்த ஓய்வு அது. பூங்காவின் ஓய்வு வேலையை மறந்தால்தான் கிடைக்கிற ஓய்வு.

மறதி எங்கே கொண்டுவிடும் என்பதற்குப் பழைய உதாரணம் தேட வேண்டியதில்லை. 1972இல் தொடங்கப்பட்ட நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கொள்முதல் நிலையங்களில் 2025 அக்டோபர் மழையில் குறுவை நெல் குவியல் குவியலாக நனைந்து முளைவிட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் வாங்க மாட்டோம் என்ற விதியை வைத்துக்கொண்டு திறந்த வெளியில் விவசாயி காத்துக்கிடந்தான். நாயக்கர் காலத்துச் செங்கல் கூரை காலியாகப் பாதுகாக்கப்படுகிறது, அந்த வருஷத்து நெல்லுக்குத் தார்ப்பாய் போதவில்லை.

கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கூரை. ஒவ்வொரு கொள்முதல் நிலையத்துக்கும் கூரையும் உலர்களமும். இன்னொன்று, பலகை. திருப்பாலைத்துறையிலும் முக்கொம்பிலும் கல்லணையிலும் மன்னன் பெயரும் பொறியாளர் பெயரும் எழுதிய இடத்தில், அன்றைய கூலி எத்தனை மரக்கால் என்பதையும் எழுதட்டும். அதைப் படித்துவிட்டுக் குழந்தைகள் தாராளமாக ஊஞ்சலாடட்டும்.