பாறைமுனையில் கூடாரம் அடிக்கமுதல்

கனூப் பயணக் கையேடுகளில், ஏரிக்கரையில் இராத்தங்க இடம் பார்ப்பது பற்றிக் கட்டாயம் ஒரு பகுதி இருக்கும். தண்ணிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற பாறைமுனை நல்லது, காற்று நுளம்பைக் கலைக்கும். படுக்கச் சமதரை வேணும். பட்டமரம் ஏதும் மேலே சாய்ந்து நிக்குதா என்று அண்ணாந்து பார்க்கவேணும். இது சும்மா சொல்லும் புத்தியில்லை. 1999 ஜூலை 4 அன்று அடித்த புயற்காற்று, மினசோட்டாவின் பவுண்டரி வோட்டர்ஸ் ஏரிக்காட்டில் லட்சக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. முகாமிட்டிருந்த பலர் காயப்பட்டார்கள்.

எல்லாம் சரி. ஆனால் எது நல்ல இடம் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கு. அதைக் கையேடுகள் பெரிதாகச் சொல்வதில்லை.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நோர்த் வெஸ்ட் கம்பனியின் உரோமத்தோல் வியாபாரத்துக்காகத் துடுப்புப் போட்ட பிரெஞ்சுக் கனேடியக் கூலியாட்களும் இந்த ஏரிகளால்தான் போனார்கள். வொயாஜர் என்பது அவர்களின் பெயர். ஏரிக்கும் ஏரிக்கும் இடையிலான தரைப்பாதையில் 90 இறாத்தல் மூட்டைகள் இரண்டை ஒரே நடையில் சுமந்தவர்கள் அவர்கள். பொழுதுபட்டுக் கரையேறும் ஆட்களுக்கு அழகான காட்சி எதற்கு? பேர்ச் மரப்பட்டையால் செய்த தோணி பாறையில் உரசினால் கிழியும். அதனால் அலையில்லாத, தோணியை மிதக்கவிட்டே சாமான் இறக்கக்கூடிய கரைதான் நல்ல கரை. பிறகு தோணியைத் தூக்கிக் கவிழ்த்து அதன் கீழேயே படுப்பார்கள். இரண்டாம் உலகப்போர் முடிய, விமானம் செய்துவந்த குறுமன் கம்பனி அலுமினியக் கனூ செய்தது. அதுக்குப் பிறகு பாறைக்கரைக்குப் பயப்படத் தேவையில்லை.

அனிஷினாபே மக்களுக்கு இது ஒரு இரவுக் கணக்கே இல்லை, பருவக் கணக்கு. வசந்தத்தில் மேப்பிள் பாகு காய்ச்சும் இடம், கோடையில் மீன்பிடி, கோடை முடியக் காட்டரிசி விளையும் குடா. தங்குமிடம் சாப்பாட்டோடு நகர்ந்தது.

1964இல் அமெரிக்கா இயற்றிய வனாந்தரச் சட்டம், மனிதர் வந்துபோகும் விருந்தாளியாக மட்டும் இருக்கும் நிலமே வனாந்தரம் என்று வரையறுத்தது. கேட்க அழகுதான். ஆனால் அங்கேயே குடியிருந்தவர்கள் இந்த வரைவிலக்கணத்தில் எங்கே நிற்பார்கள்?

எல்லைக்கு அந்தப்பக்கம், கனடாவின் ஒன்ராறியோவில், சட்டம் வரமுதலே அதுக்குப் பதில் கிடைத்திருந்தது. குவெட்டிக்கோ 1909இல் காட்டு ஒதுக்கமாகி, 1913இல் பூங்காவானது. உள்ளே, கவ்னிப்பி ஏரியின் காவா குடாவில், உடன்படிக்கையின்படி ஒரு பழங்குடிக் குழுவுக்கு ஒதுக்கிய நிலம் இருந்தது. 1915இல் ஒன்ராறியோ அந்த ஒதுக்கீட்டையே இல்லாமலாக்கியது. குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பலர் லாக் லா குறுவா சமூகத்தோடு போய்ச் சேர்ந்தார்கள். எல்லைக்கல் நட்ட பிறகு ஊர் காடாகும் கதை எங்களுக்கும் புதுசில்லை.

கனூக்காரர்கள் இன்றைக்கும் 'ஆளில்லாத' கரை தேடி அந்தப் பக்கம் போகிறார்கள். சமதரையாக, மரம் குறைவாக ஒரு இடம் கிடைத்தால் சந்தோசம். ஆட்கள் தலைமுறையாகப் புழங்கியதாலும் ஒரு கரை அப்படி ஆகியிருக்கலாம். லாக் லா குறுவா மக்களிடம் ஒன்ராறியோ அரசு சட்டசபையில் மன்னிப்புக் கேட்டது 1991இல், 76 வருசம் கழித்து.