டோக்கன் நம்பரும் கணக்கு நம்பரும்: ரெட்டை பூட் கணினியின் கதை

ஆபீஸில் ஆணி அதிகம், அதான் ரொம்ப நாளா ஆளைக் காணோம். இன்னிக்கு மொக்கை இல்லை, கொஞ்சம் வரலாறு. படிச்சது பி.காம். என்பதால் கணக்கர் மொழியிலேயே சொல்றேன்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அன்னிக்குத்தான் முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். எல்காட் வாங்கிக் கொடுத்த அந்தப் பெட்டிகளில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸும் இருந்தது. 'டூயல் பூட்' என்ற வார்த்தையே கேள்விப்படாத வீடுகளுக்குள் டூயல் பூட் நுழைஞ்சது அப்படித்தான். ஊரில் நம்ம அக்கா பிள்ளை, தம்பி பிள்ளை யாராவது ஒருத்தர் கையில் அது இருந்திருக்கும்.

இதன் வேர் 1983-ல் இருக்கு. ஐபிஎம் தன் பிசி எக்ஸ்டி-யில் 10 எம்பி ஹார்ட் டிஸ்க் வெச்சு வித்த வருஷம். டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் ஒரு குட்டி புரோகிராம், கூடவே நாலே நாலு வரி கொண்ட ஒரு அட்டவணை. இதுதான் எம்பிஆர். நம்ம பழைய லெட்ஜரின் முதல் பக்கத்தில் இண்டெக்ஸ் இருக்குமே, அதே மாதிரி. அந்தப் பக்கம் கிழிஞ்சா கணக்கு தொலையாது, தேடுற வழிதான் தொலையும்.

ஒரு டிஸ்க் இருக்கிற வரை சிக்கல் கம்மி. ரெண்டாவது வந்ததும் கேள்வி வந்தது: யார் முதல்? பயாஸ் வரிசையா எண் கொடுக்கும். ஐடிஇ காலத்தில் மாஸ்டர், ஸ்லேவ்னு குட்டி ஜம்பரைப் பிடுங்கி மாத்திச் செருகணும். லினக்ஸ் இவங்களை எச்டிஏ, எச்டிபி என்றது, பிறகு எஸ்டிஏ, எஸ்டிபி ஆச்சு. விண்டோஸ் எக்ஸ்பி தன் பூட்.ஐஎன்ஐ கோப்பில் 0, 1 என்று எழுதி வெச்சது. பழைய க்ரப் பார்ட்டிஷனையும் பூஜ்யத்தில் இருந்து எண்ணினது. புது க்ரப் டிஸ்க்கை 0-விலும் பார்ட்டிஷனை 1-லும் தொடங்குது. தலை சுத்துதா? எனக்கும்தான் :-)

இதெல்லாம் டோக்கன் நம்பர். பேங்கில் முதலில் வந்தவருக்கு 1. நாளைக்கு வேறொருத்தர் முன்னாடி வந்தா உங்க நம்பர் மாறிடும். கணக்கு நம்பர் அப்படி இல்லை, எந்த கவுண்டர்ல நின்னாலும் அதேதான். லினக்ஸ் இதைப் புரிஞ்சுக்கிட்டு ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் யுயுஐடி என்ற நிரந்தர எண்ணைப் பயன்படுத்த ஆரம்பிச்சது. உபுண்டுவில் இது 2006-ல் வந்தது. ஆனா எந்த டிஸ்க்கின் வாசலை முதலில் தட்டணும்னு பயாஸ் இன்னும் வரிசை பார்த்துத்தான் முடிவு பண்ணுது.

இங்கே குண்டலுபேட்டையில் எனக்குத் தெரிஞ்ச ஒரு தமிழ்க் குடும்பத்தில் நடந்தது இது. ஊரில் திரை உடைஞ்சு கிடந்த அந்த இலவச லேப்டாப்பின் டிஸ்க்கைக் கழட்டிக் கொண்டுவந்து, உபுண்டுவும் விண்டோஸும் இருந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் ரெண்டாவதா மாட்டினாங்க. ஆன் பண்ணினா லேப்டாப்போட பழைய மெனு வருது. விண்டோஸைத் தட்டினா நீலத் திரை. "ரெண்டு டிஸ்க்கும் போச்சு, ஃபார்மட் பண்ணணும்னு சொல்லிட்டாங்க சார்" என்றார் அந்த வீட்டுக்காரர். ஒண்ணில் காலமான அம்மாவின் குரல்: பேரனுக்குக் கதை சொல்லிப் பதிவு பண்ணினது. இன்னொண்ணில் பத்து வருஷப் படங்கள். வேற பிரதி எங்கேயும் இல்லை.

நடந்தது என்ன? புதுசா வந்த டிஸ்க்குக்கு பயாஸ் முதல் டோக்கன் கொடுத்திடுச்சு. அதிலிருந்த விண்டோஸ் வேறொரு மெஷினுக்குன்னு அமைஞ்சது, இங்கே வந்து முழிச்சது. பயாஸில் பூட் வரிசையை மாத்தினதும் பழைய உபுண்டு மெனு தானா வந்தது. அம்மா குரலும் பத்திரம்.

ஆகவே மக்களே, எந்த ஊர்ல இருந்தாலும் இந்த வரிசையை ஞாபகம் வெச்சுக்குங்க:

1. பயாஸில் ரெண்டு டிஸ்க்கும் தெரியுதான்னு பாருங்க. தெரியலைன்னா முதல் சந்தேகம் கேபிள் மேல.
2. பூட் வரிசையைப் பாருங்க. அல்லது கம்ப்யூட்டரை அணைச்சு, ஒரு டிஸ்க்கைக் கழட்டிட்டு மத்ததைத் தனியா ஓட்டிப் பாருங்க. கவனம்: ரெண்டாவது டிஸ்க்கில் நிறுவின விண்டோஸ்கூட தன் பூட் கோப்புகளை முதல் டிஸ்க்கில் வெச்சிருக்கலாம்.
3. லினக்ஸ் லைவ் பென் டிரைவில் ஏறி, முதலில் கோப்புகளை வேறிடத்துக்கு நகல் எடுங்க.
4. அதுக்கப்புறம்தான் க்ரப்பைத் திரும்ப நிறுவறது. விண்டோஸைப் புதுசாப் போட்டப்போ அது எம்பிஆரை மேலெழுதியிருந்தா இதுதான் மருந்து.
5. ஃபார்மட்? வேற எல்லாத்தையும் பார்த்து முடிச்ச பிறகு.

இண்டெக்ஸ் கிழிஞ்சதுக்காக லெட்ஜரை எரிக்கிற ஆபீசர் எந்த கிளையிலும் இல்லை.

பி.கு.: யுஇஎஃப்ஐ உள்ள புது மெஷின்களில் எம்பிஆர் தொல்லை குறைவு. ஆனா 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், செக்யூர் பூட் வழியா பல பேரோட லினக்ஸைத் தடுத்திடுச்சு. அப்பவும் உள்ளே இருந்த கோப்புகளுக்கு ஒண்ணும் ஆகலை, வாசல்தான் அடைஞ்சது.